கணுக்கால் முறிவு: மாவுக்கட்டா, பிளேட்டா?

கணுக்கால் மூன்று எலும்புகள் கூடும் மூட்டு. முழங்காலிலிருந்து இறங்கி வரும் இரண்டில் பருமனான டிபியா உட்பக்கத்திலும் மெல்லிய ஃபிபுலா வெளிப்பக்கத்திலும் இருக்கின்றன. அவை அடியில் புடைத்து முடியும் இடங்கள்தான் கையில் தட்டுப்படும் உட்கணுவும் வெளிக்கணுவும். டிபியாவின் பின்விளிம்பில் மூன்றாவதாக ஒரு கணு உண்டு. குதிநாணுக்கு முன்னால் மறைந்திருப்பதால் அது கைக்குத் தெரியாது. இவற்றுக்கு நடுவே, பாதத்தின் உச்சி எலும்பான டேலஸ் அமர்ந்திருக்கிறது. டிபியாவின் அடிப்பரப்பு அதற்குக் கூரை. இரு கணுக்களும் இரு பக்கச் சுவர்கள். கூரையும் சுவர்களும் விலகிவிடாமல் பிடித்து வைப்பவை, மக்கள் ‘ஜவ்வு’ என்று சொல்லும் இணைப்பு நார்கள்.

இந்த மூட்டில் முறிவு ஏற்பட்டால் எலும்பு உடைந்ததா என்பது பாதிக் கேள்விதான். டேலஸ் தன் இடத்திலேயே நிற்கிறதா, நகர்ந்துவிட்டதா என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. ராம்சி, ஹாமில்டன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. டேலஸ் வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே டிபியாவோடு அது ஒட்டி நிற்கும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. உடல் எடை முழுவதும் மிச்சமுள்ள சிறு பரப்பில் இறங்கும்போது குருத்தெலும்பு தேய்கிறது. எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத இடைவெளிக்காக மருத்துவர் அறுவை சிகிச்சை பேசுவதற்குக் காரணம் இதுதான்.

சென்னை வடபழனி போன்ற ஒரு பகுதியில் இந்த முறிவுக்கு வழிகள் ஏராளம். நூறடிச் சாலையிலும் ஆற்காடு சாலையிலும் இருசக்கர வாகனம் சரிந்து, ஊன்றிய காலின்மேல் வண்டியும் உடலும் சேர்ந்து விழுவது ஒன்று. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தோண்டிய ஆற்காடு சாலையில், மழைநீர் மூடிய நடைபாதை விளிம்பில் கால் பிசகுவது இன்னொன்று. ஈரமான குளியலறை, மாடிப்படியின் கடைசிப் படி, பேருந்து நிற்குமுன் இறங்குதல் எல்லாம் இந்தப் பட்டியலில் அடக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றில் நடப்பது ஒரே செயல்தான்: பாதம் தரையில் பதிந்து உள்பக்கம் மடங்கிக் கிடக்க, உடல் அதன்மேல் திரும்புகிறது. முறுக்கு விசை வெளிக்கணுவைச் சாய்வாக உடைக்கிறது. விசை இன்னும் மிச்சமிருந்தால் பின்கணுவுக்கும், கடைசியில் உட்கணுவுக்கும் போகிறது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க் மருத்துவர் லாவ்கே-ஹான்சன், வெட்டியெடுத்த கால்களைத் திருகி உடைத்துப் பார்த்து இந்த வரிசையைக் கண்டறிந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தே கால் எப்படி மடங்கியது என்று மருத்துவர் சொல்லிவிடுவது இந்த அறிவினால்தான்.

சுளுக்கா, முறிவா என்பது எல்லா வீட்டிலும் எழும் முதல் கேள்வி. விரலை அசைக்க முடிந்தால் எலும்பு உடையவில்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது தவறு. விரல்களை அசைக்கும் தசைகள் கணைக்காலில் இருக்கின்றன. கணு உடைந்தாலும் அவை வேலை செய்யும். வீக்கத்தின் அளவும் எதையும் நிச்சயமாகச் சொல்லாது. மோசமான சுளுக்கு முறிவைவிடப் பெரிதாக வீங்குவதுண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு 1992-இல் வகுத்த விதி எளிமையானது. இரு கணுக்களில் எதன் நுனியையோ, அதிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அதன் பின்விளிம்பையோ அழுத்தும்போது எலும்பிலேயே வலி இருந்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்ட உடனேயும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும், மது போதையில் இருப்பவர்களுக்கும் இந்த விதியை நம்பக் கூடாது. வலிதானே இங்கே அளவுகோல்.

மருத்துவமனை போய்ச் சேரும்வரை செய்யவேண்டியவை சில. முதல் வேலை கொலுசையும் மெட்டியையும் கழற்றுவது. ஒரு மணி நேரம் தாமதித்தால் வீக்கத்தில் அவை புதைந்து, மருத்துவமனையில் வெட்டித்தான் எடுக்க நேரும். காலை ஒரு தலையணையில் வைத்து, துப்பட்டாவாலோ துண்டாலோ தலையணையோடு சேர்த்துக் கட்டினால் நல்ல தற்காலிகக் கட்டு கிடைத்துவிடும். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவுவதும் சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுப்பதும் கூடவே கூடாது. அசையாமல் இருந்த முறிவு நகர்ந்த முறிவாவது பல நேரம் இந்த நீவலில்தான். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மயக்கம் தெளிய சோடா கொடுப்பதும் தெம்புக்கு இட்லி ஊட்டுவதும் வேண்டாம்.

கட்டுப்போடாமல் அசைக்கக் கூடாது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பிடிவாதக்காரர் இருக்கிறார். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1756-இல் குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவரும்படி உடைத்துக்கொண்டார். யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்று சாலையிலேயே கிடந்து, ஒரு கதவை விலைக்கு வாங்கி வரச் செய்து, பல்லக்குத் தூக்கிகளின் கழிகளை அதில் ஆணியடித்துப் பொருத்தியபின் அதில் படுத்துத்தான் வீடு போனார். மருத்துவர்கள் காலை எடுக்கத் தயாரானார்கள். கடைசி நேரத்தில் அது தவிர்க்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய முறிவு பற்றிய நூலில் கணுக்கால் முறிவை விவரித்ததால், இன்றும் பழைய மருத்துவர்கள் கணுக்கால் முறிவை ‘பாட்’ஸ் முறிவு’ என்கிறார்கள். அவருடைய சொந்த முறிவு அந்த வகை அல்ல என்பது பலருக்குத் தெரியாது.

முறிவுகளைப் பிரிக்க இன்று அதிகம் பயன்படுவது வெபர் முறை. ஃபிபுலா எந்த மட்டத்தில் உடைந்தது என்பதை மட்டும் அது பார்க்கிறது. மூட்டுக் கோட்டுக்குக் கீழே உடைந்தால் ‘ஏ’. ஃபிபுலாவையும் டிபியாவையும் சேர்த்துப் பிணைக்கும் நார்கள் அதற்கு மேலே இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. மூட்டு பெரும்பாலும் நிலையாகவே இருக்கும். நோயாளிகள் ‘ஹேர்லைன் கிராக்’ என்று சொல்லிக்கொள்பவற்றில் பல இந்த வகை. மூட்டுக் கோட்டுக்கு மேலே உடைந்தால் ‘சி’. அங்கே பிணைப்பு நார்கள் கிழிந்து இரு எலும்புகளுக்கும் இடையே விரிசல் கண்டிருக்கும். அறுவை சிகிச்சை இல்லாமல் தீர்வது அரிது. நடுவில், மூட்டுக் கோட்டின் மட்டத்திலேயே உடைவது ‘பி’. எண்ணிக்கையில் அதிகம் இதுதான், சிக்கலும் இதில்தான். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ‘பி’ எக்ஸ்ரேக்களில் ஒன்றுக்குக் கழற்றி மாட்டும் பூட்ஸ் போதும், மற்றதற்குப் பிளேட் வேண்டியிருக்கும்.

வித்தியாசம் எக்ஸ்ரேயில் தெரியாத உட்பக்க ஜவ்வில் இருக்கிறது. வெளிச்சுவர் மட்டும் உடைந்து உட்பக்கம் முழுதாக இருந்தால் டேலஸ் நகராது. வெளிச்சுவரும் உடைந்து உட்பக்க ஜவ்வும் கிழிந்திருந்தால், படுத்த நிலையில் எடுத்த படத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். நின்றதும் டேலஸ் வெளியே சாயும். அதனால்தான் சில மருத்துவர்கள் பாதத்தைத் திருப்பிப் பிடித்தபடியோ, ஒரு வாரம் கழித்து நோயாளியை நிற்கவைத்தோ இன்னொரு படம் எடுக்கிறார்கள். இதைக் காசு பறிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் தேவையற்ற அறுவை சிகிச்சையிலிருந்து காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது படம்தான்.

உடைந்த கணுக்களின் எண்ணிக்கையை வைத்தும் பெயர் சொல்வதுண்டு: ஒரு கணு, இரு கணு, முக்கணு முறிவு. எண்ணிக்கை கூடக்கூட மூட்டின் நிலைத்தன்மை குறைகிறது. முக்கணு முறிவில் டேலஸ் பின்பக்கமாக நழுவிப் பாதமே இடம் மாறிக் கிடப்பதைப் பார்க்கலாம். அது அவசர நிலை. வளைந்த எலும்பு உள்ளிருந்து தோலை அழுத்தி வெளுக்கச் செய்யும். நேரம் போனால் அந்தத் தோல் செத்துவிடும். மருத்துவர் சில நேரம் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திராமல் வலிமருந்து கொடுத்துக் காலை நேராக்கிவிட்டு, பாதத்தின் மேல் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

தவறவிடப்படுவதற்கென்றே ஒரு வகை உண்டு. 1840-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மெசோன்னேவ் விவரித்தது அது. பாதம் திருகப்பட்ட விசை, உட்கணுவையோ ஜவ்வையோ கிழித்து, இரு எலும்புகளுக்கும் இடையிலுள்ள சவ்வு வழியாக மேலேறி, ஃபிபுலாவை முழங்காலுக்கு அருகில் உடைக்கும். கணுக்காலை மட்டும் படமெடுத்தால் ஃபிபுலா நன்றாக இருக்கும். கணுக்காலில் அடிபட்டு வந்தவரின் முழங்காலுக்குக் கீழே மருத்துவர் அழுத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.

முறுக்கால் வராமல் மேலிருந்து விழும் எடையால் வருவது பைலான் முறிவு. சாரம் சரிந்து விழும் கட்டடத் தொழிலாளி, தென்னையிலிருந்து விழுபவர், கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் உயரத்திலிருந்து குதிக்கும் சண்டைக் கலைஞர் ஆகியோருக்கு நேரக்கூடியது. டேலஸ் மேல்நோக்கி மோதிக் கூரையையே நொறுக்குகிறது. இதே விழுகையில் குதிகால் எலும்பும் முதுகெலும்பும் உடைந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் பார்க்காமல் விடுவதில்லை. முதல் நாளே திறந்து பிளேட் வைத்தால் வீங்கிய தோல் மூடாமல் புண்ணாகிவிடும். ஆகவே முதலில் காலுக்கு வெளியே கம்பிச்சட்டம் பொருத்தி நீளத்தை நிலைநிறுத்தி, சி.டி. ஸ்கேன் எடுத்து, இரண்டு வாரம் போலக் காத்திருந்து பிறகு உள்ளே பிளேட் வைக்கிறார்கள்.

காத்திருப்பது சாதாரணக் கணு முறிவுக்கும் பொருந்தும். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் அறுவையைச் செய்யலாம். இல்லாவிட்டால் வீக்கம் வடிந்து தோலில் மறுபடி சுருக்கம் தெரியும்வரை ஒரு வாரமோ அதற்கு மேலோ பொறுக்க வேண்டும். ‘அட்மிட் பண்ணிட்டு ஆபரேஷன் பண்ணாம படுக்க வெச்சிருக்காங்க’ என்று உறவினர்கள் பொருமும் நாட்கள் இவை. கணுக்காலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே கிடையாது என்பதால் இந்தப் பொறுமைக்கு மாற்று இல்லை.

நிலையான முறிவுக்கு மாவுக்கட்டோ, கழற்றி மாட்டும் பூட்ஸோ போதும். ஆறு வாரம் என்பது நெடுநாள் வழக்கம். பின்லாந்தில் 247 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, நிலையான ‘பி’ வகை முறிவுக்கு மூன்று வாரக் கட்டே ஆறு வாரக் கட்டுக்குக் குறையாத பலன் தருவதாகக் காட்டியது. நிலையற்ற முறிவுக்கு, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, ஃபிபுலாவுக்கு மெல்லிய பிளேட்டும் ஸ்க்ரூக்களும், உட்கணுவுக்கு இரண்டு ஸ்க்ரூக்களும் வைப்பது வழக்கம். பின்கணு கூரையில் கால் பங்குக்கு மேல் இருந்தால்தான் தொடுவது என்ற பழைய கணக்கு இப்போது தளர்ந்துவிட்டது. பிணைப்பு நார்களில் ஒன்று அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது என்பதால், சி.டி. பார்த்துச் சிறு துண்டையும் பொருத்துகிறார்கள். ‘சி’ வகையில் இரு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்க ஒரு குறுக்கு ஸ்க்ரூவோ, இரு முனையிலும் பொத்தான் கொண்ட உறுதியான இழையோ போகும்.

வயதானவர்களுக்கு அறுவைதான் ஒரே வழி என்றில்லை. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 620 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மயக்கம் கொடுத்துக் காலோடு ஒட்ட அச்சாகப் போட்ட கட்டும் அறுவை சிகிச்சையும் ஆறு மாத முடிவில் நடையில் ஒரே பலனைத் தந்தன. ஆனால் கட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எலும்பு நகர்ந்து பிறகு அறுவை தேவைப்பட்டது. அந்தக் கட்டும் பஞ்சைத் தடிமனாகச் சுற்றிப் போடும் வழக்கமான மாவுக்கட்டு அல்ல.

சென்னையில் இந்தப் பேச்சு புத்தூர் கட்டைத் தொடாமல் முடியாது. திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூரின் பரம்பரை வைத்தியம் அது. பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி ஆகியவைதான் கட்டின் அங்கங்கள். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பலகைகள் சென்னைத் தெருக்களில் நிறைய. அங்கே கட்டிக்கொண்டு நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொய் என்று தள்ளுவது நியாயமில்லை. கணு முறிவுகளில் பெரும்பகுதி நிலையானவை. அசையாமல் பிடித்துக்கொள்ளும் எந்தக் கட்டிலும் அவை ஆறும். சிக்கல் மீதியில் இருக்கிறது. உட்பக்க ஜவ்வு கிழிந்ததா, டேலஸ் 1 மில்லிமீட்டர் நகர்ந்ததா, முழங்காலருகே ஃபிபுலா உடைந்ததா என்பவற்றைக் கையால் தடவி அறிய வழியில்லை. அப்படிப்பட்ட காலும் கட்டுக்குள் வலி குறைந்து, சில மாதம் நடந்து, பிறகு வீங்கத் தொடங்கும். எலும்பு கோணலாகச் சேர்ந்தபின் அதை மறுபடி வெட்டிச் சரிசெய்வது முதல் அறுவையைவிடப் பலமடங்கு கடினம். எந்தக் கட்டானாலும், விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ, வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறினாலோ இரவென்று பாராமல் அவிழ்க்க வேண்டும். மருத்துவமனை மாவுக்கட்டுக்கும் இதே விதிதான்.

தோல் கிழிந்த முறிவு தனி ரகம். எலும்பு வெளியே தெரியாமல், கணுவருகே விரல் நுனியளவு காயம் மட்டும் இருந்தாலும் அது திறந்த முறிவாக இருக்கக்கூடும். மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாமல் சுத்தமான துணியால் மூடி, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறும்படி கொண்டுசெல்ல வேண்டும். பிறகு காயத்தை நன்றாகக் கழுவி, செத்த திசுவை வெட்டியெடுத்த பின்தான் மற்றதெல்லாம். கால் காயம் அழுகினால் எதுவரை போகும் என்பதற்கு வடபழனியோடு தொடர்புள்ள ஒரு நிகழ்வு உண்டு. நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981 மே மாதம் தமிழகத்தில் நடந்த விபத்தில் கால்களில் காயமுற்றார். உள்ளூர் மருத்துவமனையில் முதல் சிகிச்சை பெற்று, பிறகு வடபழனியிலுள்ள விஜயா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வலது காலில் திசு அழுகல் பரவியிருப்பது தெரிந்து அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு அவர் மீண்டும் மேடையேறியதும், ‘மயூரி’ தெலுங்குப் படத்தில் தன் கதையைத் தானே நடித்ததும் பலருக்கும் தெரியும். இன்று கடுமையான திறந்த முறிவில் காலைக் காப்பாற்றலாமா என்று கணிக்க உலகெங்கும் பயன்படும் மதிப்பெண் முறைகளில் ஒன்று கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் ச. ராஜசேகரன் குழு உருவாக்கியது.

சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் தேட வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் அரசு மருத்துவமனைகளோடு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளருக்கு வடபழனியிலிருந்து எட்டிய தூரத்தில் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

சர்க்கரை நோயாளியின் கணுக்கால் முறிவை மருத்துவர்கள் வேறு நோய் போலவே நடத்துகிறார்கள். ஐ.சி.எம்.ஆரும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு. உணர்வு மரத்துப்போன காலில் முறிவு வலிக்காது. நோயாளி அதன்மேலேயே நடப்பார். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து பாதம் உருக்குலையும். ஆகவே இவர்களுக்கு ஸ்க்ரூக்கள் அதிகம், கட்டு ஏறக்குறைய இரு மடங்கு காலம். ஒரு கால் காரணமில்லாமல் வீங்கிச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

குழந்தைகளில் எலும்பு வளரும் தட்டு கணுவுக்குச் சற்று மேலே இருக்கிறது. ஜவ்வைவிட அது பலவீனம் என்பதால் பெரியவர்களுக்குச் சுளுக்கு வரும் இடத்தில் குழந்தைக்குத் தட்டு பிளக்கும். எலும்பு சேர்வது வேகம்தான், ஆனால் தட்டு சிதைந்தால் கால் கோணும், குட்டையாகும். வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்த குழந்தையின் கால் சக்கரக் கம்பிக்குள் போவது நம் ஊரில் காணும் இன்னொரு விபத்து. எலும்பைவிடக் குதிகால் தோலும் நாணும் அதில் அதிகம் பாழாகின்றன.

எலும்பு சேர்வதற்கு ஆட்டுக்கால் சூப் பலருக்கு மருந்து. அதில் சுண்ணாம்புச் சத்து நினைப்பதைவிடக் குறைவு. ஒரு டம்ளர் பாலில் அதிகம். முட்டை, பருப்பு, மீன் தரும் புரதமும், குறைந்திருந்தால் வைட்டமின் டி-யும் உதவும். தடைசெய்வதில் முதலிடம் புகைக்கு.

கட்டைப் பிரித்த நாளில் கால் மெலிந்து, தோல் உரிந்து, மூட்டு விறைத்திருக்கும். அறுவைக்குப் பின் ஆறு வாரம் கால் ஊன்றாமலிருப்பதே இதுவரை வழக்கம். பிரிட்டனில் 2024-இல் வெளியான ஆய்வொன்று, பெரும்பாலோர் இரண்டு வாரத்திலிருந்தே பூட்ஸோடு ஊன்றலாம் என்கிறது. எப்போது என்பதை எலும்பைப் பொருத்தியவர்தான் சொல்ல வேண்டும். பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அசைவு கடைசியில்தான் திரும்பும். அதில்லாமல் படியிறங்க முடியாது, குந்த முடியாது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு இந்திய முறைக் கழிப்பறை பயன்படுத்தும் வீட்டில் இது பெரிய இழப்பு. பிசியோதெரபியில் பாதி நேரம் இதற்கே போகிறது. ஆட்டோவின் பிரேக்கும் பைக்கின் பின் பிரேக்கும் வலது காலில் இருப்பதால், வலக் கணுக்கால் அறுவை முடிந்தவர் சுமார் ஒன்பது வாரம் ஓட்டாமலிருப்பது நல்லது. பிரேக் அழுத்தும் வேகம் பழையபடி ஆக அவ்வளவு காலம் பிடிக்கிறது. கையால் பிரேக் பிடிக்கும் ஸ்கூட்டியிலும் சிக்னலில் கால் ஊன்றியாக வேண்டும். மாலையில் கால் வீங்குவது ஆறு மாதம், ஏன் ஒரு வருடம்கூட நீடிக்கலாம், அது இயல்பு. கெண்டைக்காலில் புதிதாக வலியும் இறுக்கமும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ இரத்தக்கட்டு இருக்கலாம் என்று உடனே போக வேண்டும்.

கணுக்கால் மூட்டுத் தேய்மானம், முழங்காலைப் போல வயதால் வருவது அரிது. பெரும்பாலும் பழைய முறிவின் தொடர்ச்சி. முற்றிய நிலையில் டிபியாவையும் டேலஸையும் ஒன்றாகச் சேர்த்து மூட்டையே மூடிவிடும் அறுவை உண்டு. வலி போகும், நடக்கலாம், குந்த முடியாது. பிளேட்டை எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலோருக்கு இல்லை. வெளிக்கணுவில் செருப்பு வாரும் ஷூ விளிம்பும் உரசி உறுத்தினாலோ, சீழ் பிடித்தாலோ, வளரும் குழந்தையானாலோ எடுக்கிறார்கள். எடுத்த பின் ஸ்க்ரூ இருந்த துளைகளில் எலும்பு நிரம்பும்வரை, சில வாரங்களுக்கு ஓடவோ குதிக்கவோ அனுமதிப்பதில்லை.